கூட்டு ரோட்டில் பிரியும் குடும்பம்

குடியிருக்க ஓர் ஊர் – 9

காலை ஆறே முக்கால் மணி. செஞ்சி கூட்டு ரோட்டுக்கு ஒரு கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் வந்து இறங்குகிறார்கள். வண்டியை ஸ்டாண்டில் விட்டு டோக்கன் வாங்கியதும் அவர் திருவண்ணாமலை பஸ் நிற்கும் பக்கம் போகிறார். அந்த அம்மா சாலையைக் கடந்து திண்டிவனம் பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் போகிறார். இருவர் கையிலும் ஒரே துணியில் தைத்த சாப்பாட்டுப் பை. விடியற்காலை ஒரே அடுப்பில் வெந்த சோறு, பாதி கிழக்கே போகிறது, பாதி மேற்கே போகிறது.

அப்படிச் சாலையைக் கடந்தவர்களில் பதினொரு வருடம் நானும் ஒருத்தி. எனக்குத் திண்டிவனத்தில் எழுத்தர் வேலை. என் வீட்டுக்காரருக்குத் திருவண்ணாமலைப் பக்கத்தில் ஆசிரியர் வேலை. இரண்டு பிள்ளைகள். வீடு செஞ்சியில்.

போன வாரம் சென்னையின் தெற்கு ஓரத்தைப் பற்றிப் பேசினோம். தாம்பரம் தாண்டி, கிளாம்பாக்கம் தாண்டி, மின்சார ரயில் போகும் வரை வீடு தேடுகிறவர்களின் கதை அது. புறநகர் என்றாலே நமக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வரும். ஒரு பெரிய நகரம், அதன் விளிம்பில் வாடகை குறைந்த ஊர்கள், காலையில் எல்லாரும் ஒரே திசையில் போய் மாலையில் ஒரே திசையில் திரும்புவது. ஆனால் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் அரசு வேலையோ வங்கி வேலையோ பார்க்கிற லட்சக்கணக்கான குடும்பங்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு நகரம் ஒன்றல்ல. கணவனுக்கு ஓர் ஊரில் பணி, மனைவிக்கு இன்னொரு ஊரில். அதுவும் அடுத்த மாறுதல் கலந்தாய்வு வரைக்கும்தான்.

செஞ்சியை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கிழக்கே திண்டிவனம் 28 கிலோமீட்டர். மேற்கே திருவண்ணாமலையும் தெற்கே விழுப்புரமும் தலைக்கு நாற்பதுக்குச் சற்றுக் குறைவு. வடக்கே சேத்துப்பட்டு அவ்வளவுகூட இல்லை. திண்டிவனத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி, மற்ற இரண்டு ஊருக்கும் ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ. செஞ்சி ஒரு பேரூராட்சிதான். ஆனாலும் மூன்று நகரங்களுக்கும் பொதுவான புறநகர் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இதனால் வரும் பெரிய நன்மையை நாங்கள் குடிவந்து நான்கு வருடம் கழித்துத்தான் உணர்ந்தோம். வீட்டுக்காரருக்கு விழுப்புரம் பக்கம் மாறுதல் வந்தது. அவருடன் வேலை பார்த்தவர்கள் வீடு மாற்றினார்கள், பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கினார்கள், புது ஊரில் அட்வான்ஸ் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. அவர் பஸ்ஸுக்கு நிற்கும் பக்கம் மட்டும் மாறியது.

இந்த நடு இடத்துக்காகத்தான் பழைய அரசர்களும் இங்கே அடித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை இது. நாயக்கர்கள் கையிலிருந்து பீஜப்பூர் சுல்தானுக்குப் போய், 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல்தான் உள்ளே நுழைந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று செஞ்சி.

ஆனால் கோட்டை கட்டத் தோதான இடமெல்லாம் குடித்தனத்துக்குத் தோதாக இருக்கும் என்றில்லை. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். 1761 வரை வைத்திருந்தார்கள். கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று செஞ்சிக்கு அப்போது பெயர். பீரங்கியில் சாகாத ஐரோப்பியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல் இங்கே நோயில் செத்ததாக அந்தக் காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கோட்டையைப் பிடிக்க ஓர் இரவு போதும். அங்கே வாழத் தண்ணீர், காற்று, கொசு எல்லாம் பார்க்க வேண்டும். வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிப்பாய்கள் நினைவுக்கு வருவார்கள்.

நாங்கள் முதலில் வீடு தேடியது தப்பான முறையில். கையில் காகிதம், அதில் இரண்டு பேரின் வேலை இடம், நடுவில் கோடு. பஸ் ஏற வசதியாக இருக்க வேண்டும் என்று கூட்டு ரோட்டை ஒட்டியே பார்த்தோம். ஒரு வீட்டின் சொந்தக்காரம்மா எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, இடுப்பில் இருந்த என் சின்னவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் எங்க போறீங்கன்னு சொல்லிட்டீங்க. இந்தப் பொண்ணு எங்க போவும்?"

"இன்னும் சேர்க்கலைங்கம்மா. ஏதாவது வேன் வர்ற ஸ்கூலா பார்த்து…"

"வேன் வரும். ஆறேகாலுக்கே ஏத்திகினு ஊரெல்லாம் சுத்தும். நீ பெரியவ, பஸ்ல தூங்கிப்ப. அது என்னா பண்ணும்? ஸ்கூல மொதல்ல பாரு. அப்புறமா வீட்டப் பாரு. கடைசியா உன் பஸ்ஸப் பாரு."

அந்த அம்மா அப்படிச் சொன்னதால் அவருக்கே ஒரு வாடகை போயிற்று. அவர் வீட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்கு நடக்கும் தூரத்தில், ஊருக்குள்ளே, பழைய தெரு ஒன்றில் குடிபோனோம். கூட்டு ரோட்டுக்கு வண்டியில் வர வேண்டியிருந்தது. எங்களுக்குப் பத்து நிமிடம் கூடியது. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் மிச்சமானது.

கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அதை அரசாங்கம் பள்ளி கட்டுவதற்கான அளவு என்று மட்டும் நினைக்கிறோம். பெற்றோர் வீடு தேடுவதற்கும் அதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் தூரத்தை நாடு அளந்ததே சமீபத்தில்தான். எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்ற கேள்வி 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை வேனில் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருக்கிறது என்று யார் அளந்தார்கள்?

எங்கள் பயணம் சின்னது என்று சொல்ல வரவில்லை. இத்தாலியரான சேசரே மார்ச்செட்டி 1994-ல் ஒரு கட்டுரை எழுதினார். கால்நடையாகப் போனாலும் காரில் போனாலும், மனிதர்கள் போக்குவரத்துக்கு ஒரு நாளில் சராசரியாக ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள், பழைய மதில் நகரங்களின் அளவும் அந்த நடைக்குள்தான் அடங்கியது என்பது அவர் வாதம். செஞ்சிக் கோட்டைக்குள் சமவெளியில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடந்து பாருங்கள், அவர் சொல்வது புரியும். நாங்கள் அந்த ஒரு மணியைப்போல இரண்டு மடங்கு செலவழித்தோம். சுவிட்சர்லாந்துப் பொருளாதார அறிஞர்கள் புரூனோ ஃப்ரையும் அலாய்ஸ் ஸ்டட்சரும் ஜெர்மானியக் குடும்பங்களின் விவரங்களை வைத்து ஆராய்ந்தார்கள். பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையில் நிறைவு குறைகிறது, அந்தக் குறையைச் சம்பளமோ வீட்டு வசதியோ முழுதாக ஈடுகட்டுவதில்லை என்று கண்டார்கள். என் உடம்புக்கு அது தெரியும். திரும்பும் பஸ் தீவனூர் தாண்டும்போது கண் சொக்கி, வல்லத்தில் விழித்து, இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். அந்தச் சாலையை அகலப்படுத்தும் வேலை வருடக்கணக்கில் இழுத்தபோது பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு மணி நேரம் யாராவது ஒருவர் கொடுத்தே ஆக வேண்டிய குடும்பத்தில் அதைப் பெரியவர்கள் கொடுக்கட்டும் என்பதே என் பேச்சு.

பயணத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள். திரும்பும் பஸ்ஸில் பாருங்கள். காலையில் எந்த ஊரிலும் பஸ் கிடைக்கும். மாலை ஆறரைக்கு மேல் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நீண்டுவிட்டால் அந்த ஊர் உங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா? செஞ்சி அந்த வகையில் பிழைத்தது, சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் திருவண்ணாமலை போகும் வண்டிகள் இந்த வழியாகத்தான் போகின்றன. இரவிலும் ஏதாவது ஒன்று வரும். செஞ்சியிலிருந்து உள்ளே ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கும் கிராமத்தில் வாடகை பாதிதான். ஆனால் அங்கே டவுன் பஸ்ஸின் கடைசி நடை போய்விட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு மாத வாடகை மிச்சத்தைத் தின்றுவிடும். மறுபக்கமும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. திண்டிவனமோ திருவண்ணாமலையோ போகும் புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் உண்டு. செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேலை பார்க்கிற செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர் போன்ற பெண்களுக்கு டவுன் பஸ் தடத்தில் வீடு இருப்பது மாதம் ஒரு கணிசமான தொகை. என்னைப்போல நெடுந்தடத்தில் போகிறவளுக்கு அந்தக் கணக்கு வேறு.

இந்த ஊருக்கென்று ஒரு கணக்கும் இருக்கிறது, வேறெங்கும் அது இருக்காது. அதை நிலாவை வைத்துப் போட வேண்டும். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் முழுவதும் எங்கள் சாலையில்தான் போகும். மாலையில் என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு எதிராக வருவதால் அவருக்கு இடம் கிடைக்கும், திண்டிவனத்திலிருந்து வரும் எனக்குக் கிடைக்காது. அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். எந்த ஊர் ஸ்பெஷல் பஸ்ஸானாலும் செஞ்சியைத் தொட்டுப் போகும். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆட்டுச் சந்தை. நெல் அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டும். எங்கள் வீட்டு காலண்டரில் இந்த நாட்களைப் பச்சை மையில் வட்டம் போட்டு வைத்திருப்போம். தற்செயல் விடுப்பைக்கூட அதைப் பார்த்துத்தான் எடுப்போம். புது ஊரில் குடியேறுகிறவர்கள் அங்கே பத்து வருடம் பஸ் ஏறிய ஒருவரிடம் இந்த மாதிரி நாட்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் அது இராது.

ரயில் வரும் என்ற பேச்சை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை பாதை, சுமார் 70 கிலோமீட்டர், 2000-களிலேயே அனுமதி பெற்றது. அதை நம்பி மனை வாங்கியவர்களின் பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். பாதை வந்தால் இந்த வட்டாரத்தின் வாழ்க்கையே மாறும், வர வேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன். வந்த பிறகு வீட்டின் விலையில் அதைச் சேர்த்துக் கொடுப்போம்.

மனை வாங்குகிறவர்களுக்குச் செஞ்சியில் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, கோட்டை. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி தெரியும் என்று சொல்லி விற்கிற மனையை அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுத்தால், மாடி எடுக்கும்போது அழ வேண்டியிருக்கும். மதில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் முடிவதில்லை. வெளி மதிலின் எச்சமும் சின்னமாக இருக்கலாம். கிரயத்துக்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு. 2016-ல் உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டபோது இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைகளை வரன்முறைப்படுத்தலாம் என்று மறு ஆண்டு விதி வந்தது. அதற்குள் எத்தனை கல்யாணம் தள்ளிப்போயிற்று, எத்தனை வீடு அஸ்திவாரத்தோடு நின்றது!

இன்னொன்றை எந்தப் பத்திரமும் சொல்லாது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? சங்கராபரணி ஆறு செஞ்சி மலைகளில்தான் பிறக்கிறது. வருடத்தில் பத்து மாதம் அது மணல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி அப்படியே நின்று பெய்தபோது, பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ஏரிகள் நிரம்பி, ஆறு கரைமீறி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் தென்மாவட்ட ரயில்களே நின்றன. அந்த வாரம் எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, எந்தத் தெரு காய்ந்திருந்தது என்று கேட்டாலே செஞ்சியில் வீடு பார்க்கும் வேலை பாதி முடிந்தது. கேட்க வேண்டியது தரகரிடம் இல்லை, தெருமுனை இஸ்திரிக்காரரிடம், பால்காரரிடம்.

வெயிலையும் சொல்ல வேண்டும். பாறைக் குன்றுகள் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு முழுக்கக் கக்கும். அக்கினி நட்சத்திரத்தில் மலையடிவாரத்து மாடி வீட்டில் ஓர் இரவு படுத்துப் பார்த்தவர்கள் அந்த வீட்டை எடுக்க மாட்டார்கள். எங்கள் பழைய தெருவில் ஓட்டு வீடுகளும் வேப்ப மரங்களும் இருந்ததால் பிழைத்தோம். ஆகவே ஒரு மழைக்காலமும் ஒரு சித்திரையும் வாடகைக்கோ போக்கியத்துக்கோ இருந்து பார்க்காமல் சொந்த வீடு வாங்க வேண்டாம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

மருத்துவம்தான் இந்த ஊரில் என்னை உறங்கவிடாத விஷயம். காய்ச்சல், சிறு காயம் என்றால் செஞ்சி அரசு மருத்துவமனை இருக்கிறது. கொஞ்சம் பெரிதென்றால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவண்ணாமலைக்கோ அனுப்புவார்கள். அதையும் மீறினால் புதுச்சேரி ஜிப்மர். மூச்சுத்திணறல் உள்ள பிள்ளையோ இதய நோய் உள்ள மாமனாரோ வீட்டில் இருந்தால், நான் செஞ்சியைப் பரிந்துரைக்க மாட்டேன், மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரிலேயே இருங்கள்.

பள்ளி விட்டதிலிருந்து நாங்கள் வீடு திரும்பும் வரைக்குமான மூன்று மணி நேரத்தை என்ன செய்வது என்பதற்கு இன்றுவரை அரசாங்கத்திடம் பதில் இல்லை. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் அந்தக் காப்பகம் தாய் வேலை பார்க்கும் ஊரில் இருக்கும். நின்றுகொண்டு போகிற பஸ்ஸில் இரண்டு வயதுப் பிள்ளையை 28 கிலோமீட்டர் எப்படித் தூக்கிப் போவது? தினமும் ஊர்விட்டு ஊர் போகும் தாய்க்குக் காப்பகம் வீட்டுத் தெருவில் வேண்டும். அங்கன்வாடி மாலை வரை திறந்திருந்தால் போதும், பாதிக் கவலை தீரும். எங்கள் வீட்டில் அந்த மூன்று மணி நேரத்தைத் தாங்கியது எதிர்வீட்டு ஆயா. பிள்ளைகள் வந்ததும் என் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு. அந்த ஒரு மணியோசை வந்த பிறகுதான் எனக்கு மேசையில் இருக்கும் கோப்பு கண்ணுக்குத் தெரியும். அப்படி ஒருவர் கிடைப்பாரா என்று வீடு பார்க்கும்போது தெரியாது. ஆனால் திண்ணையில் வயதானவர்கள் உட்கார்ந்திருக்கும் தெருவா, கதவு சாத்திய தெருவா என்பது மாலை நாலரைக்கு ஒரு தடவை நடந்தால் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வீடு பார்க்கிறோமே, அன்றைக்குத் தெருவின் முகமே வேறு.

போன மாதம் ஓர் இளம் தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். அவருக்குச் சேத்துப்பட்டில் வங்கி வேலை, அந்தப் பெண்ணுக்கு விக்கிரவாண்டி பக்கம் மருந்தாளுநர் பணி. முதல் வகுப்பில் சேரப்போகிற ஒரு பையன். மூன்று வீடுகள் பார்த்து ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். "கூட்டு ரோடு அஞ்சு நிமிஷம்தாங்க அக்கா" என்றது அந்தப் பெண். நான் மூன்று பேரையும் பள்ளி வாசலுக்குக் கூட்டிப்போய், பையன் முதுகில் அவன் பையை மாட்டிவிட்டு, அந்த வீடு வரை அவனை முன்னால் விட்டு நடக்கச் சொன்னேன். காந்தி பஜாரில் சரக்கு வண்டி ஒன்று பின்பக்கமாக வந்தபோது அவன் அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அதற்கப்புறம் இரண்டு திருப்பம் வரை தாக்குப்பிடித்தான். மூன்றாவது திருப்பத்தில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்து பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். வீடு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு ஓட்டு வீடு காலியாகிறது என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் வந்து பார்க்கிறார்கள்.

(தொடரும்)